முதல் மாஸ்க் இருமுபவருக்கு

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் துணியோ வடிகட்டியோதான் முகக்கவசம். அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. நோயாளி போட்டுக்கொண்டால், அவர் மூச்சோடு வெளியேறும் கிருமியைக் காற்றில் கலக்கவிடாமல் பிடித்து வைக்கிறது. நோயில்லாதவர் போட்டுக்கொண்டால், காற்றில் ஏற்கெனவே கலந்துவிட்ட கிருமி உள்ளே போகாமல் தடுக்கிறது. கேட்பதற்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை வேறு வேறு வேலைகள். முதல் வேலையைச் சாதாரண மாஸ்க்கே ஓரளவு திருப்தியாகச் செய்துவிடும். இரண்டாவது வேலைக்கு நல்ல வடிகட்டியும் முகத்தோடு ஒட்டிய பொருத்தமும் வேண்டும். 2020-இல் உலகமெங்கும் மாஸ்க் பற்றி நடந்த சச்சரவுகளில் பாதி, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வந்த வினை.

முதல் வேலை ஏன் சுலபம் என்பதற்கு மூச்சின் பௌதிகத்தைப் பார்க்க வேண்டும். மனிதர் சும்மா மூச்சு விடும்போதே நுண்துளிகள் வெளியேறுகின்றன. பேசினால் கூடும், பாடினாலும் கத்தினாலும் இன்னும் கூடும், இருமலும் தும்மலும் சொல்லவே வேண்டாம். ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகளில் தொடங்கி நூறு மைக்ரானுக்கு மேற்பட்ட எச்சில் துளிவரை எல்லா அளவும் அதில் கலந்து வரும். பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். சிறியவை விழுவதற்குள் காய்ந்து, மேலும் சுருங்கி, காற்றோடு காற்றாக மிதக்கும். காற்றோட்டமில்லாத அறையில் அவை மணிக்கணக்கில் நிற்கக்கூடும். ஆக, வாயிலிருந்து புறப்படும் நொடியில் துளி ஈரமாகவும் பெரியதாகவும் இருக்கிறது. அப்போது பிடிப்பது எளிது. அறைக்குள் பரவிய பிறகு அது உலர்ந்து பொடியாகிவிடுகிறது. அப்போது பிடிப்பது கடினம். இருமுபவர் முகத்தில் இருக்கும் சாதாரணத் துணி செய்யும் காரியத்தை, எதிரே இருப்பவர் முகத்தில் உள்ள அதே துணியால் செய்ய முடியாததன் காரணம் இதுதான்.

மருத்துவ உலகம் இந்த விஷயத்தில் நெடுங்காலம் ஒரு கோட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மைக்ரானுக்கு மேலே இருந்தால் 'துளி', அது சீக்கிரம் விழுந்துவிடும். கீழே இருந்தால் 'காற்றில் பரவுவது' என்பது அந்தக் கோடு. காசநோய், தட்டம்மை போன்ற சிலவே காற்றில் பரவும், மற்றவை துளி வழியேதான் தொற்றும் என்று பாடப்புத்தகங்கள் பிரித்து வைத்திருந்தன. உண்மையில் ஐந்து மைக்ரானைவிடப் பல மடங்கு பெரிய துகளும் கணிசமான நேரம் மிதக்கும். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு ஒன்று ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு லேசான சளி இருந்தது. இரண்டரை மணி நேரம் பாடிக் கலைந்தார்கள். உறுதியானவர்கள், சந்தேகத்துக்குரியவர்கள் எல்லாரையும் சேர்த்து அவர்களில் 53 பேருக்குக் கோவிட், இருவர் இறந்துபோனார்கள். கைகுலுக்கியதாலும் பக்கத்தில் உட்கார்ந்ததாலும் மட்டும் இத்தனை பேருக்கு வந்திருக்க வழியில்லை. அப்படியிருந்தும், அதே மார்ச் மாதக் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று அடித்துச் சொன்னது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரலில், துளி, காற்று என்ற அந்தப் பழைய பிரிவினையை அந்நிறுவனமே கைவிட்டு, எல்லாவற்றையும் தொற்றும் சுவாசத் துகள்கள் என்ற ஒரே பெயரில் சேர்த்தது. இந்தத் தாமதத்துக்கு மக்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

வாய் கட்டும் வழக்கம்

நோய்க்குச் சம்பந்தமில்லாமலே வாயை மூடும் வழக்கம் இந்த மண்ணில் பழையது. கதிர்காமத்திலும் யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலும் பூசை செய்பவர்கள் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார்கள். எச்சிலும் மூச்சும் சந்நிதியில் படக்கூடாது என்ற ஆசாரம் அது. சமணத்தின் சுவேதாம்பரப் பிரிவுகள் சிலவற்றின் துறவிகள் வாயில் துணி கட்டுவது வேறு காரணத்துக்காக: காற்றிலுள்ள சிற்றுயிர்கள் தங்கள் மூச்சால் சாகக்கூடாது. இரண்டிலுமே துணி கட்டுபவர் காக்க நினைப்பது தன்னை அல்ல, எதிரே இருப்பதை.

ஐரோப்பிய அறுவை மருத்துவமும் அந்த எண்ணத்தோடுதான் தொடங்கியது. 1890-களின் இறுதியில் பிரெஸ்லாவு நகரில் பணியாற்றிய கிருமியியலாளர் காரல் ஃப்ளூகே, சாதாரணமாகப் பேசும்போதே பாக்டீரியா கலந்த துளிகள் வாயிலிருந்து தெறிப்பதைச் சோதனையில் காட்டினார். அதே ஊரில் இருந்த அறுவை மருத்துவர் யோஹான் மிகுலிச் 1897-இல் ஒற்றை அடுக்கு மல் துணியை வாயில் கட்டிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் பாரிஸில் பால் பெர்ஜே என்பவரும் அதைச் செய்தார். மருத்துவரின் எச்சில் நோயாளியின் காயத்தில் விழக்கூடாது என்பதே இருவரின் கவலையும்.

மாஸ்க் போடுபவரைக் காக்கவும் அது உதவும் என்று பெரிய அளவில் காட்டியவர் பினாங்கில் பிறந்த ஒரு மருத்துவர். வூ லியென்-தே, 1879-இல் பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, அரசின் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனவர். 1910-இன் கடைசியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. டிசம்பர் 24 அன்று அவர் போய் இறங்கினார், வயது 31. ஊரில் மைனஸ் இருபது, முப்பது டிகிரி குளிர். ரயில் பாதை ஓரமாகவே நோய் நகர்ந்துகொண்டிருந்தது. தோலுக்காக மார்மோட் என்னும் மலை அணில்களைப் பிடித்த வேட்டைக்காரர்களிடம் தொடங்கிய நோய் என்று பின்னால் கண்டறியப்பட்டது. வந்த சில நாட்களில் வூ இறந்த பெண் ஒருவரின் உடலை ரகசியமாக அறுத்துப் பார்த்தார். உடலைக் கூறு போடுவதை அன்றைய சீனச் சமூகம் ஏற்காது. நுரையீரலில் பிளேக் கிருமி இருந்தது.

பிளேக் என்றால் எலி, எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி என்பதுதான் அன்றைய மருத்துவப் பாடம். ஜப்பானிய மருத்துவர்கள் எலிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வூ சொன்னது வேறு: இது நுரையீரல் பிளேக், மனிதரிடமிருந்து மனிதருக்கு மூச்சு வழியாகவே தொற்றுகிறது, எலி நடுவில் வேண்டியதில்லை. அவர் ஏற்பாடு செய்த மாஸ்க் மிக எளியது. இரண்டு அடுக்கு மல் துணி, நடுவில் ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் பஞ்சுப் பட்டை, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட வசதியாகக் கிழித்துவிட்ட துணி முனைகள். எங்கும் கிடைக்கும் பொருள், சில காசு செலவு, எந்தத் தொழிலாளியும் கட்டிக்கொள்ளலாம். பஞ்சு அகலமாக இருந்ததாலும் துணி தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டப்பட்டதாலும் ஓரங்களில் இடைவெளி குறைவு. அன்றைய மற்ற மாஸ்க்குகளுக்கு இல்லாத சிறப்பு அது.

தியென்ஜினில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்டு மெனி, அனுபவத்திலும் வயதிலும் வூவுக்கு மூத்தவர். வூவின் கருத்தை அவர் ஏற்கவில்லை. ஒரு சீனர் தனக்குப் பாடம் சொல்வதை விரும்பவும் இல்லை. வெள்ளை அங்கி, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, மாஸ்க் மட்டும் இல்லாமல், மருத்துவமனையில் பிளேக் நோயாளிகளைச் சோதித்தார். 1911 ஜனவரி 11 அன்று பிளேக்கிலேயே இறந்தார். அதற்குப் பிறகு ஹார்பினில் மாஸ்க்கை யாரும் கேலி செய்யவில்லை.

மாஸ்க்கால் மட்டும் அந்தக் கொள்ளைநோய் அடங்கியதாகச் சொல்வது மிகையாகிவிடும். வூ ரயில் போக்குவரத்தை நிறுத்தினார், ரயில் பெட்டிகளைத் தனிமைப்படுத்தும் அறைகளாக்கினார், வீடு வீடாக ஆட்களை அனுப்பினார், உறைந்த மண்ணில் புதைக்க முடியாமல் குவிந்து கிடந்த சடலங்களை எரிக்கப் பேரரசின் ஆணையையே வாங்கினார். எல்லாம் சேர்ந்து மார்ச் மாதத்துக்குள் நோய் ஓய்ந்தது. மஞ்சூரியா முழுவதும் சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள். ஏப்ரலில் முக்டென் நகரில் நடந்த சர்வதேச பிளேக் மாநாட்டுக்கு வூவே தலைமை தாங்கினார். 1935-இல் அவர் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பின்னர் மலாயா திரும்பி ஈப்போவில் சாதாரண மருத்துவராகத் தொழில் செய்து, 1960-இல் பினாங்கில் இறந்தார்.

ஹார்பினுக்குப் பிறகு ஏழே ஆண்டுகளில் மாஸ்க்குக்கு அடுத்த பெரிய சோதனை வந்தது. 1918-இன் இன்ஃப்ளுயென்சாவின்போது சான் பிரான்சிஸ்கோ நகரம் அக்டோபரில் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியது. மீறியவர்களுக்கு அபராதம் அல்லது சிறை. குத்துச்சண்டைப் போட்டி பார்க்கப் போன நகர மேயர் ஜேம்ஸ் ரால்ஃபே மாஸ்க் இல்லாமல் புகைப்படத்தில் சிக்கி அபராதம் கட்ட நேர்ந்தது. நவம்பர் 21-இல் கட்டுப்பாடு நீங்கியதும் மக்கள் மாஸ்க்கைத் தெருவில் வீசிக் கொண்டாடினார்கள். நோய் திரும்பி வந்து 1919 ஜனவரியில் மறுபடி கட்டாயமாக்கியபோது 'மாஸ்க் எதிர்ப்புச் சங்கம்' என்றே ஒன்று முளைத்துவிட்டது. 2020-இல் பல நாடுகளில் பார்த்த காட்சிகள் எல்லாம் நூறாண்டுக்கு முந்தைய இந்த நாடகத்தின் மறு அரங்கேற்றம்தான்.

ஆனால் சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்க் பெரிதாகப் பயன் தந்ததா? கலிபோர்னியா மாநில சுகாதாரத் துறையைச் சேர்ந்த கெல்லாக் என்பவர் ஆராய்ந்து 1920-இல் சொன்ன பதில், பயன் தெரியவில்லை என்பதே. காரணத்தையும் அவர் சரியாகவே கண்டார்: மல் துணியை மெல்லியதாக வைத்தால் கிருமி துணி வழியே போகிறது, பல அடுக்கு வைத்தால் மூச்சு விடச் சிரமமாகி, காற்று துணி வழியே போகாமல் ஓரத்து இடைவெளி வழியே போய்விடுகிறது. மாஸ்க் தொழில்நுட்பத்தின் மொத்தச் சிக்கலும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். அதைத் தீர்க்க அடுத்த ஐம்பது ஆண்டுகள் ஆயின.

ஜப்பானில் மட்டும் 1918-இன் வழக்கம் நின்றுவிடவில்லை. சளி பிடித்தவர் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவது அங்கே மரியாதையாக வளர்ந்தது. பிறகு செடார் மரங்களின் மகரந்த ஒவ்வாமை பெருகியபோது, வசந்தகாலம் முழுவதும் மாஸ்க் என்பது சாதாரணமாகிவிட்டது. 2003-இல் சார்ஸ் தொற்று தாக்கிய ஹாங்காங்கிலும் தைவானிலும் மாஸ்க் மக்களின் பழக்கத்தில் ஊறியது. 2020 ஜனவரியில் யாரும் சொல்வதற்கு முன்னாலேயே அந்த ஊர்களில் மக்கள் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

வடிகட்டி வேலை செய்யும் விதம்

கொரோனா வைரஸின் அளவு சுமார் 0.1 மைக்ரான், துணியின் கண் அதைவிடப் பெரியது, ஆகவே மாஸ்க் வீண் என்றொரு வாதம் 2020-இல் வாட்ஸ்அப்பில் சுற்றியது. வடிகட்டியை மாவு சலிக்கும் சல்லடையாக நினைப்பதால் வரும் பிழை அது. சல்லடையில் கண்ணைவிடச் சிறியது எல்லாமே விழுந்துவிடும். மாஸ்க்கின் உள்ளே அப்படி ஒற்றைக் கண் கிடையாது. ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான இழைகளின் நடுவே வளைந்து வளைந்து காற்று போகிறது. கொஞ்சம் பெரிய துகளால் அந்த வளைவில் திரும்ப முடியாது; நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தள்ளுவதால் தாறுமாறாக அலைந்து, அதுவும் ஏதாவது ஓர் இழையில் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்தான் தப்பிக்க அதிக வாய்ப்புள்ளது. சிறியதைப் பிடிப்பதைவிட நடுத்தரத்தைப் பிடிப்பது கடினம் என்ற இந்த விநோதத்தால்தான் வடிகட்டிகளை அந்த 0.3 மைக்ரான் அளவில் சோதிக்கிறார்கள். என்-95 என்ற பெயரில் உள்ள 95, இந்தக் கடினமான அளவிலும் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்பதைக் குறிக்கிறது. போதாததற்கு, வைரஸ் தனியாகப் பறந்து வருவதும் இல்லை. உப்பும் புரதமும் சளியும் கலந்த, தன்னைவிடப் பெரிய துகளுக்குள் உட்கார்ந்தே வருகிறது.

கெல்லாக் கண்ட சிக்கலைத் தீர்த்தது மின்னூட்டம். உருக்கிய பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கைச் சூடான காற்றால் ஊதி, சில மைக்ரான் தடிமனே உள்ள இழைகளாக்கிப் படியவைத்தால் கிடைப்பது 'மெல்ட் ப்ளோன்' துணி. அதில் நிலையான மின்னூட்டம் ஏற்றினால் இழை துகளைத் தானே இழுத்துப் பிடிக்கும். துணியை அடர்த்தியாக்காமலே, மூச்சை அடைக்காமலே, வடிகட்டும் திறன் பல மடங்கு கூடிவிடும். டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தைவான்காரர் பீட்டர் சாய், 1990-களில் இந்த மின்னேற்றும் முறைகளில் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மருந்துக்கடையில் கிடைக்கும் நீல நிற மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கின் நடு அடுக்கும் இதே மெல்ட் ப்ளோன் துணிதான். மேலும் கீழும் உள்ள அடுக்குகள் அதைத் தாங்குவதற்கு. என்-95-ஐ சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்து மறுபடி போட்டவர்கள் ஏராளம். துவைத்தால் கிழிவதில்லை, பார்க்கப் புதிதாகவே இருக்கும்; போய்விடுவது கண்ணுக்குத் தெரியாத அந்த மின்னூட்டம். கோவிட் காலத்தில் சாய் சொன்ன யோசனை, சில மாஸ்க்குகளைச் சுழற்சி முறையில் நாட்கணக்கில் காற்றாட வைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்பது.

வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியைத்தான் தேடும். சர்ஜிக்கல் மாஸ்க்கின் துணி நல்லதாக இருந்தும், கன்னத்தில் அது தூக்கிக்கொண்டு நிற்பதால், போடுபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு வெகுவாகக் குறைகிறது. காது நாடாவை மாஸ்க்கின் மூலையிலேயே ஒரு முடிச்சுப் போட்டு, பக்கத்து மடிப்பை உள்ளே தள்ளிவிட்டால் இடைவெளி கணிசமாகக் குறையும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் பொம்மைத் தலைகளை வைத்துச் சோதித்துக் காட்டியது. மூக்குக் கம்பியை அழுத்திவிடுவதும், தாடி வைத்திருப்பவர் என்-95 போட்டால் பொருந்தாது என்பதை அறிந்திருப்பதும் இதே வகை. மூச்சு வெளியேற வால்வு வைத்த மாஸ்க், போடுபவருக்குச் சுகம். ஆனால் அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியேறிவிடும். இந்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூலையில் அதைத் தவிர்க்கச் சொன்னது அதனால்தான். கடையில் வாங்குபவர் என்-95 என்ற அச்செழுத்தை நம்புவதைவிட, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 9473 என்ற எண்ணும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு உரிய எண் ஐ.எஸ். 16289.

சோதனைகள் சொன்னது

ஆய்வகத்தில் வடிகட்டுவது ஒன்று. ஊருக்குள் நோயைக் குறைப்பது வேறொன்று. இரண்டாவதை நிரூபிப்பது எப்போதுமே சிரமம். மனிதர்கள் மாஸ்க்கைச் சரியாகப் போடுவதில்லை, நாள் முழுக்கப் போடுவதில்லை, வீட்டில் சாப்பிடும்போது போட முடியாது.

காசநோயில் நடந்த ஒரு சோதனை இந்தக் குழப்பங்களை அழகாகத் தாண்டியது. தென்னாப்பிரிக்காவின் மபுமலங்கா மாநிலத்தில், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளிகள் 17 பேர் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியே இரண்டு கூண்டறைகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வோர் அறையிலும் 90 கினிப் பன்றிகள். ஒருநாள் நோயாளிகள் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டிருப்பார்கள், அன்றைய காற்று முதல் அறைக்கு. மறுநாள் போடமாட்டார்கள், அந்தக் காற்று இரண்டாவது அறைக்கு. மூன்று மாதம் இப்படி மாறி மாறி நடந்தது. மாஸ்க் இல்லாத நாட்களின் காற்றைச் சுவாசித்த 90 விலங்குகளில் 69-க்குத் தொற்று. மாஸ்க் நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 36-க்கு. 2012-இல் வெளியான இந்த ஆய்வின் கணக்குப்படி, நோயாளி முகத்தில் இருந்த சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் தொற்றும் அபாயத்தை 56 சதவீதம் குறைத்தது. அது என்-95 கூட அல்ல.

கோவிட் காலத்தில் மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் முடிதிருத்தும் நிலையம் ஒன்றில் வேலை செய்த இருவர், தங்களுக்கு நோய் இருந்த நிலையிலேயே 139 வாடிக்கையாளர்களுக்கு முடி வெட்டினார்கள். வெட்டியவர்களும் வெட்டிக்கொண்டவர்களும் மாஸ்க் போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் நோய் வந்ததாகத் தெரியவில்லை; சோதனைக்கு ஒப்புக்கொண்ட 67 பேருக்கும் 'இல்லை' என்றே முடிவு வந்தது. அதே பணியாளர்களில் ஒருவரோடு மாஸ்க் இல்லாமல் பழகிய நெருக்கமானவர்கள் நால்வருக்கு நோய் வந்தது. ஒரு கடையை வைத்து உலகத்துக்கு முடிவு சொல்ல முடியாதுதான். ஆனாலும் இரு தரப்பும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல அறிகுறி.

டென்மார்க்கில் 2020-இல் சுமார் 6,000 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெளியே போகும்போது சர்ஜிக்கல் மாஸ்க் போடச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து மாஸ்க் பிரிவில் 1.8 சதவீதம் பேருக்கும் மற்றதில் 2.1 சதவீதம் பேருக்கும் தொற்று. வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவே. மாஸ்க் எதிர்ப்பாளர்கள் இதைக் கொடியாகப் பிடித்தார்கள். அந்த ஆய்வில் மாஸ்க் போட்டவர்களைச் சுற்றியிருந்த ஊர் மாஸ்க் போடவில்லை என்பதையும், அது அளந்தது போடுபவருக்குக் கிடைக்கும் காப்பை மட்டுமே என்பதையும் அவர்கள் சொல்லவில்லை.

ஊர் முழுக்கப் போட்டால் என்ன என்று பார்த்தது வங்கதேச ஆய்வு. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல்வரை 600 கிராமங்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்கள். பாதிக் கிராமங்களில் மாஸ்க்கை வீட்டுக்கே கொண்டுபோய் இலவசமாகக் கொடுத்தார்கள். சந்தையிலும் மசூதியிலும் ஆள் நிறுத்தி, போடாதவர்களிடம் பணிவாக ஞாபகப்படுத்தினார்கள். உள்ளூர்ப் பெரியவர்களைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். சரியாகப் போடுபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 ஆக உயர்ந்தார்கள். பத்தில் ஆறு பேர் அப்போதும் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியும் அறிகுறியோடு, இரத்தச் சோதனையிலும் உறுதியான கோவிட் சுமார் 9 சதவீதம் குறைந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறுபது வயதைக் கடந்தவர்களிடையே குறைவு 35 சதவீதம். துணி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் தெளிவான பலன் தெரியவில்லை. மாஸ்க் போட்டவர்கள் கொஞ்சம் விலகியும் நின்றார்கள், ஆகவே பலன் முழுவதையும் மாஸ்க் கணக்கில் எழுத முடியாது.

2023 ஜனவரியில் இப்படிப்பட்ட சோதனைகளை எல்லாம் தொகுத்த கோக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வறிக்கை, சமூகத்தில் மாஸ்க்கால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது. மாஸ்க் பயனற்றது என்று ஊடகங்கள் தலைப்பு வைத்தன. அப்படிப் படிப்பது தவறு, முடிவுகள் உறுதியற்றவை என்பதே அறிக்கையின் பொருள் என்று கோக்ரேன் தலைமை ஆசிரியரே மார்ச்சில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சோதனைகளில் பல அளந்தது, மாஸ்க் போடச் சொன்னால் என்ன ஆகிறது என்பதை. மாஸ்க் போட்டால் என்ன ஆகிறது என்பது வேறு கேள்வி.

உத்தரவும் ஊரும்

2020-இன் தொடக்கத்தில் அரசுகள் பேசியது குழப்பத்தின் உச்சம். பிப்ரவரிக் கடைசியில் அமெரிக்கத் தலைமை மருத்துவர் மக்களிடம் மாஸ்க் வாங்காதீர்கள் என்றார். அது பொதுமக்களுக்குப் பயன் தராது, ஆனால் மருத்துவப் பணியாளர்களுக்கு அவசியம் என்று ஒரே மூச்சில் சொன்னதில் இருந்த முரண்பாடு சாதாரண மக்களுக்கும் புரிந்தது. தட்டுப்பாடு என்ற உண்மையை நேராகச் சொல்லியிருக்கலாம். ஏப்ரல் 3-இல் அமெரிக்காவும், ஜூன் 5-இல் உலக சுகாதார நிறுவனமும் நிலையை மாற்றிக்கொண்டன. இந்தியா ஏப்ரல் தொடக்கத்திலேயே வீட்டில் தைத்த துணிக் கவசத்தைப் பரிந்துரைத்தது. கிடைப்பதை வைத்துக் காரியம் பார்க்கும் யோசனை.

தமிழ்நாட்டில் திருப்பூரின் பனியன் கம்பெனிகள் பல, ஆர்டர் நின்றுபோன தையல் இயந்திரங்களில் மாஸ்க் தைத்தன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தைத்தன. ரேஷன் கடைகளில் ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் இலவசமாகக் கொடுக்கும் திட்டம் 2020 ஜூலையில் தொடங்கியது. செப்டம்பரில், 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, மாஸ்க் போடாதவருக்கு 200 ரூபாய் அபராதம் என்றானது. அபராதத்துக்குப் பயந்த மாஸ்க் பெரும்பாலும் தாடையில்தான் தொங்கியது. போலீஸ்காரர் தெரியும் திருப்பத்தில் மேலே ஏறும், தாண்டியதும் இறங்கும். டூவீலரில் தனியாகப் போகிறவர் மாஸ்க்கோடும், டீக்கடை பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து பேசுகிறவர்கள் மாஸ்க் இல்லாமலும் இருந்தார்கள். நோய் பரவும் இடம் எது என்று சொல்லித்தராமல், போட வேண்டும் என்று மட்டும் சொன்னதன் விளைவு அது. திறந்த வெளியில் தனியாக நடப்பவருக்கு மாஸ்க்கால் பெரிய லாபமில்லை. அடைத்த அறை, ஏசி பஸ், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம், நோயாளி இருக்கும் வீட்டு அறை ஆகிய இடங்களில்தான் அதன் மதிப்பு.

மாஸ்க்கால் இடைஞ்சலும் உண்டு. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் காதுகேளாதவர்கள் அந்த ஆண்டுகளில் பட்ட சிரமத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு மாஸ்க் கட்டாயமாக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூறின. தூக்கி எறிந்த மாஸ்க் மக்காத பிளாஸ்டிக்.

இன்னொரு பக்கம், மாஸ்க்கும் விலகலும் வீடடங்கலும் பயணத் தடையும் சேர்ந்து நடந்த அந்தக் காலத்தில் சாதாரண ஃப்ளூ உலகமெங்கும் ஏறக்குறையக் காணாமல் போனது. இன்ஃப்ளுயென்சா பி வகையின் யமகதா என்ற கிளை, 2020 மார்ச்சுக்குப் பிறகு இயற்கையில் பரவுவதாக உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. ஃப்ளூ தடுப்பூசியிலிருந்தே அதை நீக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது.

காசநோய் வார்டு

இந்தியாவில் மாஸ்க்கின் உண்மையான, நிரந்தரமான இடம் காசநோயில் இருக்கிறது. 2023 கணக்கின்படி உலகில் புதிதாகக் காசநோய் வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இந்தியர். எண்ணிக்கையில் ஏறத்தாழ 28 லட்சம். இது மூச்சு வழியாகப் பரவும் நோய் என்பதில் எந்த மருத்துவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இருந்தும் கோவிடுக்கு முன்னால் புறநோயாளிப் பிரிவில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த இருமல்காரர் அபூர்வம்.

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, உலகையே மாற்றிய ஒரு முடிவைத் தந்தது. நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதும், வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்ப்பதும் குணமாவதில் ஏறக்குறைய ஒன்றே. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. காரணம், சரியான மருந்து தொடங்கிய பிறகு நோயாளி பரப்பும் கிருமி வேகமாகக் குறைகிறது. அதிகம் பரப்புவது மருந்து தொடங்காதவர்: தனக்கு இருப்பது காசநோய் என்றே தெரியாமல், இருமல் மருந்து குடித்துக்கொண்டு, பஸ்ஸிலும் வேலையிடத்திலும் வீட்டிலும் இருமுபவர். மாஸ்க் அதிகம் தேவைப்படுவது அவருக்கும், மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் இருப்பவருக்கும். பரிசோதனைக்கு முன்னால் யார் அவர் என்று தெரியாது என்பதால், மருத்துவமனைக் கூடத்தில் இருமும் எல்லாருக்கும் வாசலிலேயே ஒரு சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்துவிடுவதுதான் ஒரே வழி. அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் நர்ஸுக்கும் சளி எடுக்கும் ஊழியருக்கும் என்-95.

தமிழக அரசு 2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் மாஸ்க்கை மறுபடி கட்டாயமாக்கியது கோவிட் சற்றே தலைதூக்கியதால். கோவிட் போனதும் அந்த உத்தரவின் வேகமும் போய்விட்டது. காசநோய் போகவில்லை. மருத்துவமனையில் மட்டுமாவது, இருமலோடு வருபவருக்கு மட்டுமாவது, ஆண்டு முழுவதும் நீடிக்க வேண்டிய நடைமுறை இது. சில ரூபாய் விலையுள்ள மாஸ்க்குக்கு இதைவிட லாபகரமான இடம் வேறில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காதவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனையும் இலவசம், காசநோய் என்று தெரிந்தால் மருந்தும் இலவசம்.